மார்கன்ஹாலின் மௌனம்: ஜான் மார்டிமரின் சட்ட நகைச்சுவை, ஒரு மறுவாசிப்பு

ஜான் மார்டிமரின் ரம்போல் கதைகளை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடந்திருக்கிறார்கள். குற்ற வழக்குகளில் எதிரிகளுக்காக வாதாடிய ஒருவர், லண்டன் ஓல்ட் பெய்லி குற்ற நீதிமன்றத்தில் கண்டதையும் கேட்டதையும் சிரிப்புச் சேர்த்து மர்மக் கதைகளாக்கினார் என்பது அவர்கள் முடிவு. கதைநாயகனான வக்கீல் ரம்போலுக்கு முன்மாதிரி யார் என்று தேடுவது இந்த ஆய்வு மரபுக்குப் பிடித்தமான வேலை. பார்வை இழந்த பின்பும் நீதிமன்றம் சென்றுவந்த தந்தை கிளிஃபர்ட் மார்டிமர் ஒரு பாதி. 1963இல் ஸ்டீபன் வார்டுக்காக வாதாடிய ஜேம்ஸ் பர்ஜ் இன்னொரு பாதி. 1982இல் வெளிவந்த மார்டிமரின் தன்வரலாறு இந்தத் தேடலுக்குத் தாராளமாகத் தீனி போடுகிறது. அனுபவம் முந்தியது, நகைச்சுவை பிந்தியது என்ற இந்த வரிசையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தாலே அது நிற்காது.

மார்டிமர் வழக்குரைஞரானது 1948இல். தந்தையின் துறையான விவாகரத்து, உயில் வழக்குகளே அவருக்கும் தொழிலாயின. குயின்ஸ் கவுன்சல் ஆன 1966க்குப் பிறகே குற்ற வழக்குகளின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். ‘ஓஸ்’ இதழ் வழக்கு 1971. ‘கே நியூஸ்’ தெய்வநிந்தனை வழக்கு 1977. செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைத்தட்டு உறை வழக்கும் அதே ஆண்டு. ரம்போல் பிபிசி தொலைக்காட்சியில் முதலில் தோன்றியது 1975 டிசம்பரில். ஆனால் ‘தி டாக் ப்ரீஃப்’ என்ற நாடகத்தை பிபிசி வானொலி 1957இலேயே ஒலிபரப்பிவிட்டது. சோர்ந்துபோன வக்கீல், சில்லறைக் கட்சிக்காரர், கூண்டைச் சுற்றிய சிரிப்பு என ரம்போல் உலகின் உறுப்புகள் அனைத்தும் அதில் உள்ளன. அதை எழுதியவர் அப்போது விவாகரத்து வக்கீல். ஓல்ட் பெய்லி அனுபவம் இந்த நகைச்சுவைக்குத் தாயாக இருக்க முடியாது. தாய் வேறெங்கோ இருக்கிறாள்.

அவளை வக்கீல் தொழிலின் ஒரு விதியில் தேட வேண்டும் என்பது என் கருத்து. கட்சிக்காரர் தன் குற்றத்தைத் தன் வக்கீலிடமே ஒப்புக்கொண்டுவிட்டால், ஆங்கில வக்கீலின் கை பாதி கட்டப்படுகிறது. அரசுத் தரப்புச் சாட்சியத்தை அவர் சோதிக்கலாம். வழக்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று வாதிடலாம். இவர் செய்யவில்லை என்று சொல்லவோ, பழியை மற்றொருவர்மேல் போடவோ, பொய் என்று தெரிந்த சாட்சியைக் கூண்டில் ஏற்றவோ கூடாது. 1840இல் வில்லியம் ரஸ்ஸல் பிரபுவைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பணியாள் கூர்வாசியே, விசாரணையின் நடுவிலேயே தன் வக்கீல் சார்லஸ் ஃபிலிப்ஸிடம் உண்மையைச் சொன்னான். ஃபிலிப்ஸ் அதன் பிறகும் வாதாடினார். அதை ஒட்டி எழுந்த பெரும் சர்ச்சையிலேயே இவ்விதியின் கூர்மை தீட்டப்பட்டது. ஆகவே எதிரித் தரப்பு வக்கீலுக்கு அறியாமை ஒரு குறை அன்று. தொழில் செய்வதற்கான இடமே அதுதான். அந்த இடம் பறிபோகும்போது பிறப்பதே மார்டிமரின் சிரிப்பு.

நாடகத்துக்கு வருவோம். மார்கன்ஹால் வயதான, வழக்கே வராத வக்கீல். ஃபௌல் பறவைத் தீனி விற்கும் அடக்கமான மனிதன். மனைவியைக் கொன்றதாக வழக்கு. அன்றைய வழக்கப்படி, கையில் சிறு தொகை உள்ள எதிரி, நீதிமன்றத்தில் அங்கியணிந்து அமர்ந்திருக்கும் எந்த வக்கீலையும் கூண்டிலிருந்தபடியே சுட்டித் தேர்ந்தெடுக்கலாம். அப்படி ஃபௌலுக்கு வாய்த்தவர் மார்கன்ஹால். அவருக்கோ இது வாழ்நாள் காத்திருப்பின் பலன். சிறையறையில் இருவரும் விசாரணையை ஒத்திகை பார்க்கிறார்கள். நீதிபதியாகவும் சாட்சியாகவும் ஃபௌலே நடிக்கிறான். மறுநாள் மன்றத்தில் மார்கன்ஹாலுக்குப் பேச்சே எழவில்லை. தண்டனை தீர்ப்பாகிறது. மேல்முறையீட்டுக் கனவுகளோடு அவர் சிறைக்கு வரும்போதுதான் தெரிகிறது: வக்கீல் அவ்வளவு மோசமாக இருந்ததால், நடந்தது விசாரணையே இல்லை என்று கருதி ஃபௌலை விடுவித்துவிட்டார்கள்.

இதைத் தோல்வியின் நாடகமாக வாசிப்பதே வழக்கம். கனவு காணும் இரு கையாலாகாதவர்கள், அபத்த நாடகத்தின் ஆங்கிலக் கிளை, சமூகத்தின் ஓரத்தில் நிற்பவர்களுக்கான இரக்கம் என்றெல்லாம் அதற்கு உரை எழுதியிருக்கிறார்கள். இரக்கம் உண்டுதான். ஆனால் அந்த வாசிப்பு நாடகத்தின் மிக முக்கியமான தகவலைத் தாண்டிப் போய்விடுகிறது. தான் கொன்றதை ஃபௌல் தன் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டு வேலையைச் சட்டென்று முடித்துக்கொள்ளத்தான் அவனுக்கு விருப்பம். அதைத் தடுப்பவர் மார்கன்ஹால். கூர்வாசியே விசாரணையின் நடுவில் சொன்னதை ஃபௌல் தொடக்கத்திலேயே சொல்கிறான்.

அவனால் அப்படிச் சொல்ல முடிந்ததற்கும் காரணம் உண்டு. அன்றைய ஆங்கில முறையில் கட்சிக்காரருக்கும் மன்றத்தில் பேசும் வக்கீலுக்கும் இடையே சொலிசிட்டர் நின்றார். கதையைக் கேட்பவர், எழுதி ஒழுங்குபடுத்துபவர், எது வக்கீலின் காதுக்குப் போக வேண்டும் என்று அறிந்தவர் அவரே. கூண்டிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறையில் மட்டும் சொலிசிட்டர் கிடையாது. கட்சிக்காரரின் வாய்க்கும் வக்கீலின் காதுக்கும் நடுவில் வடிகட்டி இல்லை. எத்தனையோ வழிகளில் ஒரு ஏழை எதிரியை மேடையேற்றியிருக்கலாம். மார்டிமர் இந்த முறையையே எடுத்து நாடகத்துக்குத் தலைப்பாகவும் வைத்தார். அது தற்செயலாக இருக்கலாம் என்று வாதிடுவோரை முற்றாக மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் சட்டம் அறிந்த ஒருவர் தலைப்பில் வைத்த சொல்லைச் சட்டப் பொருளோடு வாசிப்பதே முதல் கடமை.

இப்படி வாசித்தால் சிறையறை ஒத்திகையின் நிறம் மாறுகிறது. எங்கிருந்தோ வந்து காப்பாற்றும் சாட்சியை இருவரும் கற்பனையில் வரவழைக்கிறார்கள். விதி தடுக்கும் வேலை அதுதான்! ஒப்புதலைக் கேட்டுவிட்ட வக்கீல் மன்றத்தில் ஏற்றக் கூடாத நாடகம் அனைத்தையும் அவர்கள் சிறைக்குள்ளேயே ஆடித் தீர்க்கிறார்கள். மறுநாள் மார்கன்ஹால் வாயடைத்து நிற்பதை மேடைக் கூச்சம் என்று மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது? நேர்மையாகச் சொல்லக்கூடியது எதுவும் அவரிடம் மிச்சமில்லை. அரசுத் தரப்பை அவர் சோதித்திருக்கலாமே என்று கேட்கலாம். சோதித்திருக்கலாம்தான், அங்கே அவருடைய திறமையின்மையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் திறமையின்மை மட்டுமே இந்த மௌனத்தை விளக்கிவிடும் என்போர், ஒப்புதல் எதற்காக நாடகத்தில் இருக்கிறது என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

வக்கீலின் திறமையின்மைக்காக ஒருவரை விடுவிப்பது அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் நடக்கக்கூடியதா என்ற ஆட்சேபமும் உண்டு. நடக்காது. வக்கீலின் தவறான முடிவுகளைப் பொதுவாக மேல்முறையீட்டுக்குக் காரணமாக ஏற்பதில்லை என்றே 1989இல் என்சர் வழக்கிலும் அங்குள்ள மேல்முறையீட்டு மன்றம் சொன்னது. நாடகம் சட்டக் கையேடு அன்று என்பதோடு இதை விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியமானது கொலைக்கான காரணம். ஃபௌலின் மனைவி ஓயாமல் சிரிப்பவள். எதற்கும் நகைச்சுவை சொல்பவள். அமைதியை விரும்பும் ஃபௌலுக்கு அது தாங்கவில்லை. அதே சுபாவமுள்ள பேட்சன் என்பவனை வீட்டில் குடிவைக்கிறான். இருவரும் சேர்ந்து ஓடிப்போவார்கள் என்று நம்புகிறான். ஒருநாள் பேட்சன் எல்லை மீறியதும் அவள் அவனை வெளியே துரத்திவிடுகிறாள். ஃபௌலின் கடைசி நம்பிக்கையும் போகிறது. கொலை அதன் பிறகு.

1957இன் விவாகரத்து வக்கீல் ஒருவரின் மேசைமேல் இந்தக் கதையை வைத்துப் பாருங்கள். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் பிரிய வேண்டுமானால் துணையின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். சோரம், கொடுமை, கைவிட்டுச் செல்லுதல் போன்றவையே வழிகள். ஒத்துப்போகவில்லை என்பது காரணமாகாது; அடக்க முடியாத சிரிப்பும் காரணமாகாது. இருவரும் கூடிப் பேசிச் சாட்சியம் உண்டாக்கினால் அதுவே வழக்கைக் கெடுத்துவிடும். குற்றம் என்ற அடிப்படை தளர்ந்தது 1969இன் சீர்திருத்தச் சட்டத்தில். அது நடைமுறைக்கு வந்தது 1971இல். ஃபௌல் செய்தது ஒரு விவாகரத்து மனுவுக்கான ஆயத்தம். மனைவி சோரம் போக வேண்டும், அவனுக்கு மனு வேண்டும். அவளுடைய கற்பே மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. மனு தோற்ற இடத்தில் கொலை நடக்கிறது.

அதோடு, விவாகரத்து மன்றத்தில் வக்கீலின் அறியாமை இன்னும் அன்றாடமானது. தம்பதியர் தமக்குள் பேசி முடித்ததை வக்கீல் அறியாதிருக்க வேண்டும். அறிந்தால் மன்றத்தின் முன் நிற்க முடியாது. விடுதி அறை, பணிப்பெண்ணின் சாட்சியம் என அந்தக் காலத்து மனுக்களில் திரும்பத் திரும்ப வந்த காட்சிகளை நம்பியதுபோல் நடப்பதே தொழிலாயிற்று. அப்படிப் பழகிய ஒருவர் எதிரித் தரப்பு வக்கீலின் நிலையைக் கற்பனை செய்ய ஓல்ட் பெய்லிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ரம்போலின் சிரிப்பு விவாகரத்து மன்றத்தில் பிறந்து, குற்ற மன்றத்துக்குக் குடிபெயர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் குடிபெயர்வுக்குச் சான்று 1978இன் முதல் ரம்போல் தொகுதியிலேயே இருக்கிறது. ‘ரம்போலும் மாற்றுச் சமூகமும்’ கதையில், கஞ்சா விற்றதாகப் பிடிபட்ட கேத்தி ட்ரெலானிக்காக ரம்போல் வாதாடுகிறார். மாறுவேடத்தில் வந்த காவலர்தான் அவளைத் தூண்டினார் என்பது அவர் கட்டிவைத்த வாதம். வெல்லக்கூடிய வாதம். ஆனால் கேத்திக்கு ரம்போல்மேல் நம்பிக்கை பிறந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையில், துருக்கிச் சிறையிலிருக்கும் சகோதரனுக்காகத்தான் விற்றேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அந்தக் கணமே வாதம் செத்துப்போகிறது. அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது; சிறை செல்கிறாள். ஃபௌலின் ஒப்புதல் இங்கே திரும்ப வருகிறது, விடுதலை மட்டும் வரவில்லை. ரம்போல் கதைகள் ஆறுதல் தரும் பொழுதுபோக்கு, சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டவை என்று எழுதுவோர் இந்தக் கதையை எங்கே வைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆறுதல் தராத இன்னொரு கதையும் அதே தொகுதியில் உண்டு. பாலியல் வன்முறை வழக்கில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்காக வாதாடும் ரம்போல், புகார் கொடுத்த பெண்ணைக் குறுக்கு விசாரணையில் பிய்த்தெடுக்கிறார். மகன் நிக்கின் வருங்கால மனைவி எரிகா அதைப் பார்த்து வெறுத்துப் போகிறாள். இங்கே வக்கீலின் அறியாமைக்கு விலை கொடுப்பவள் சாட்சி. மார்டிமர் எரிகாவைக் கேலிப்பொருளாக்கித் தப்பித்துக்கொள்ளவில்லை என்பதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அவளுக்கு முழு விடை ரம்போலிடமும் இல்லை.

ரம்போல் எப்போதும் போற்றும் பொன்னிழைக் கோட்பாடு, மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே என்பது, 1935இல் வுல்மிங்டன் வழக்கில் சாங்கி பிரபு எழுதிய தீர்ப்பிலிருந்து வருவது. அந்த வழக்கும் பிரிந்துபோன மனைவியைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்பட்ட ஒரு இளைஞனைப் பற்றியது. துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றான் அவன். சந்தேகத்தின் பலன் அவனுக்குக் கிடைத்தது. உண்மை எது என்று கண்டுபிடிக்கும் சுமை வக்கீலுக்கு இல்லை என்ற சலுகையே மார்டிமரின் மர்மக் கதையைத் துப்பறிவாளர் கதையிலிருந்து பிரிக்கிறது. துப்பறிவாளர் தெரிந்துகொள்ளத் தவிக்கிறார்; ரம்போல் தெரிந்துகொள்ளாமலிருக்க முயல்கிறார்.

எஞ்சியிருப்பது ‘பெஞ்ஜ் பங்களா கொலைகள்’. மூத்த வக்கீல் இல்லாமல் தனியாக வென்ற வழக்கு என்று பல ஆண்டுகளாக ரம்போல் பீற்றிக்கொண்ட இந்தப் பெயருக்கு மார்டிமர் 2004இல்தான் முழு நாவல் எழுதினார். வாசகர் கேட்டதற்காக நிரப்பப்பட்ட இடைவெளி என்று அதை ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. நான் அதை 1957க்கு எழுதப்பட்ட திருத்தமாக வாசிக்கிறேன். கதை நடப்பது தூக்குத் தண்டனை நடைமுறையிலிருந்த 1950களின் தொடக்கத்தில். தந்தையையும் அவர் நண்பரையும் சுட்டுக் கொன்றதாக இளைஞன் சைமன் ஜெரால்டு மீது வழக்கு. மூத்த வக்கீல் விஸ்டன் அரசுத் தரப்புக்கு மரியாதையோடு விட்டுக்கொடுக்கிறார். கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. சைமன் அவரை விலக்கிவிட்டு இளையவரான ரம்போலிடம் வழக்கை ஒப்படைக்கிறான். விஸ்டன் என்பவர் பட்டும் பதவியும் பெற்றுவிட்ட மார்கன்ஹால்தான். ஃபௌலைக் காப்பாற்றிய அதே மௌனம் இங்கே ஒரு பையனைத் தூக்குமேடைவரை கொண்டுபோயிருக்கும். சைமன் ஃபௌலைப் போல எதையும் ஒப்புக்கொண்டவன் அல்லன். விஸ்டனின் வாயைக் கட்டிப்போட எந்த விதியும் இல்லை. கேட்டிருக்கக்கூடிய கேள்விகளைக் கேட்காமல் விட்டதற்கு அவர் காட்டும் ஒரே காரணம் கண்ணியம். எண்பது வயதை எட்டிய மார்டிமர் அதை மன்னிக்கவில்லை.