அந்தரத்தில் பறக்கும் ஜிப்லைன்: கம்பி, பெல்ட், கொக்கிக்கு விதி என்ன சொல்கிறது?

லீவு விட்டு மலைப்பக்கம் டூர் கிளம்பினால் பசங்க முதலில் கேட்பது ஜிப்லைன்தான். இந்த மேடைக்கும் அந்த மேடைக்கும் இரும்பு வயர் ரோப் கட்டி, அதில் ஓடும் கப்பியில் ஆளைத் தொங்கவிட்டு சர்ரென்று அனுப்பும் விளையாட்டு இது. சென்னை கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டு பூங்காவிலும் 500 மீட்டர் நீளத்துக்கு ஜிப்லைன் அமைத்தார்கள். திறந்த சில நாட்களிலேயே 2 பெண்கள் பாதி வழியில் சிக்கி அந்தரத்தில் தொங்கியதால் பரபரப்பு ஏற்பட்டது. ஊழியர்கள் மீட்டார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி நல்லபடியாக முடியவில்லை.

3 இடம், 3 காரணம்

2024 மே மாதம் கர்நாடகாவில் ஹாரோஹள்ளி அருகே ஒரு ரிசார்ட்டில் ஜிப்லைன் கம்பி அறுந்தது. அதில் போன 35 வயது பெண் கீழே விழுந்து பரிதாபமாக இறந்தார். 2025 ஏப்ரலில் புனே அருகே ஒரு பூங்காவில் 28 வயது பெண், கம்பியில் பெல்ட்டை மாட்டுவதற்காக ஸ்டூல் மீது ஏறினார். நிலைதடுமாறி சுமார் 30 அடி கீழே விழுந்து உயிரிழந்தார். அதாவது, அவர் இன்னும் பறக்கவே ஆரம்பிக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் மணாலியில் பெல்ட் அறுந்து 12 வயது சிறுமி விழுந்தாள். பலத்த காயத்தோடு உயிர் தப்பினாள்.

ஒரு இடத்தில் கம்பி, ஒரு இடத்தில் மேடை, ஒரு இடத்தில் பெல்ட். மூன்றுக்குமே வெளிநாட்டில் எப்போதோ விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொடிக்கயிறு கணக்கு

ஆள் 70 கிலோ என்றால் கம்பி 70 கிலோ தாங்கினால் போதும் என்று நினைப்போம். இல்லீங்க. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைப் பாருங்க. தொய்வாகக் கட்டினால் ஈரப் போர்வையைப் போட்டாலும் தாங்கும். விறைப்பாக இழுத்துக் கட்டி அதே போர்வையைப் போட்டால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும்.

ஜிப்லைனுக்கும் அதே கணக்குதான். 100 மீட்டர் கம்பியின் நடுவில் 70 கிலோ ஆள் தொங்கி, கம்பி 5 மீட்டர் கீழே தொய்ந்தால், கம்பியில் விழும் இழுவை சுமார் 350 கிலோ. 2 மீட்டர்தான் தொய்கிறது என்றால் அதே ஆளுக்கு 875 கிலோ. கம்பியின் சொந்த எடை, குலுக்கல் எல்லாம் இதற்கு மேல். அதனால்தான் கணக்கு தெரிந்த இன்ஜினீயர் போட்டுக் கொடுத்த அளவில் கட்ட வேண்டும் என்கிறது விதி. வெல்டிங் பட்டறைக்காரர் கண் அளவில் இழுத்துக் கட்டுகிற வேலை இது கிடையாது.

கம்பியை விட அதன் முனைதான் பெரிய தலைவலி. முனையை வளைத்து யூ போல்ட் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். கிளாம்பை சரியான பக்கம் பார்த்து மாட்டினால் கம்பியின் பலத்தில் சுமார் 80 சதவீதம் கிடைக்கும். திருப்பி மாட்டினால் பலம் பாதியாகிவிடும். பாரம் ஏறியதும் நட்டு தளரும். மறுபடி இறுக்க வேண்டும். கிரேன் வேலை பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

பழனி ரோப்கார் மாதிரி

கோஸ்டாரிகா காட்டில் மரத்து உச்சியை ஆராய்ச்சி செய்யப் போனவர்கள் 1970-களில் கயிறு கட்டி ஏறினார்கள். அதைப் பார்த்து டூரிஸ்ட்டுகளுக்கும் கம்பி கட்டினார்கள், உலகம் முழுக்க பரவியது. அமெரிக்காவில் இதைக் கட்டுகிறவர்கள் 1993-ல் ஏ.சி.சி.டி. என்று சங்கம் வைத்து, தாங்களே விதி எழுதினார்கள். ஐரோப்பாவில் 2007-ல் இ.என். 15567 என்ற தரவிதி வந்தது.

ஐரோப்பிய விதியில் சோதனை 3 வகை. தினமும் கடை திறக்கும் முன் கண்ணால் பார்ப்பது ஒன்று. 1 முதல் 3 மாதத்துக்குள் ஒருமுறை விரிவாகப் பார்ப்பது அடுத்தது. மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை வெளி ஆளை வைத்து முழுச் சோதனை.

கேட்ட மாதிரி இருக்கா? பழனி ரோப்காரும் இப்படித்தான். பராமரிப்புக்காக தினமும் 1 மணி நேரம், மாதம் ஒரு நாள், வருடத்துக்கு ஒரு மாதம் நிறுத்துகிறார்கள். 2007 ஆகஸ்டில் அங்கு நடந்த விபத்தில் 4 பேர் பலியானதை பக்தர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "ரோப்கார் இன்று ஓடாது" என்று போர்டு பார்த்து சலித்துக்கொள்கிறோம். ஜிப்லைனில் அப்படி ஒரு போர்டு தொங்கினால் சந்தோஷப்பட வேண்டும்.

நம் நாட்டில் மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-ல் சாகச சுற்றுலாவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஜிப்லைனும் அதில் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல. கவனக்குறைவால் உயிர் போனால் போலீஸ் கேஸ் வரும். 2024 ஜூலைக்குப் பிறகு அது பி.என்.எஸ். 106-வது பிரிவு. ஆனால் அது உயிர் போன பிறகு.

ஏறும் முன் பாருங்க

பெல்ட்டில் தையல் பிரிந்திருந்தால், வெயிலில் நிறம் வெளுத்திருந்தால் வேறு கேளுங்க. உள்பக்கம் தயாரித்த வருடம் போட்ட லேபிள் இருக்கும். எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் துணி பெல்ட்டுக்கு ஆயுள் 10 வருடம்தான் என்பது பெரிய கம்பெனிகள் சொல்லும் கணக்கு. லேபிளே இல்லை என்றால் இறங்கி வந்துவிடுங்க.

கப்பியோடு உங்களை இணைக்கும் கயிறு ஒன்றா, இரண்டா? ஒன்று போனால் பிடிக்க இன்னொன்று வேண்டும். மேடை ஏறியதும் முதலில் உங்கள் பெல்ட் மேடையில் மாட்டப்பட வேண்டும். கம்பிக்கு மாற்றிய பிறகுதான் மேடைக் கொக்கியைக் கழற்ற வேண்டும். புனேயில் நடந்ததை நினைத்தால் இது எவ்வளவு முக்கியம் என்று புரியும். ஸ்டூல் போட்டு ஏறச் சொன்னால் ஏறாதீங்க.

எடைக்கு அதிகபட்சம் மட்டுமல்ல, குறைந்தபட்சமும் உண்டு. குண்டானவர் வேகமாகப் போய் மோதுவார். எடை குறைந்த குழந்தை எதிர்க்காற்றில் பாதியில் நின்றுவிடும். நின்றால் எப்படி இறக்குவீங்க என்று ஊழியரிடம் கேளுங்க. பெல்ட்டில் அசையாமல் ரொம்ப நேரம் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். அதனால் தொங்குகிறவர் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

டிக்கெட்டோடு ஒரு பேப்பர் நீட்டி "என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்குகிற இடங்களும் உண்டு. அந்தக் கையெழுத்தைக் காட்டி கவனக்குறைவுக்கான போலீஸ் கேஸில் இருந்து யாரும் தப்ப முடியாது.