பனிக்காலத்தில் உள்ளே வந்த செடிகள்

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி இப்போது டொரோண்டோவில் இருக்கிறாள். ஆறு வருடமாகத் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலையை அக்டோபரில் வீட்டுக்குள் எடுத்து வைத்தாளாம். ஜனவரியில் இலையெல்லாம் பிசுபிசுப்பு, கணுவெல்லாம் வெள்ளைப் பஞ்சு. "வெளியில் இருந்தவரை ஒரு பூச்சி தெரியலையே சார்" என்றாள். நல்ல கேள்வி. வகுப்பில் இவள் கேள்வியே கேட்டதில்லை!

பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் வெர்சாய் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களுக்கென்றே ஒரு மண்டபம் கட்டினார். 1684 முதல் 1686 வரை நடந்த வேலை. தெற்கு பார்த்த உயரமான ஜன்னல்கள், தடித்த சுவர்கள். நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம். பெட்டிகளில் வளரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இன்றும் அக்டோபரில் உள்ளே போய் மே மாதம் வெளியே வருகின்றன. (கறிவேப்பிலையும் ஆரஞ்சுக் குடும்பம்தான்.)

ஆனால் செடிக்குக் கிடைத்த அடைக்கலம் பூச்சிக்கும் கிடைத்துவிடுகிறது. வெளியே மழை கழுவிவிடும், பொறிவண்டு தின்றுவிடும். உள்ளே இரண்டும் இல்லை. இலையடியில் ஒட்டிக்கொண்டு வந்த நாலு மாவுப்பூச்சி தைமாதத்துக்குள் நானூறாகிவிடும். அந்தக் காலத்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கண்ணாடி வீட்டின் கதவைச் சாத்திவிட்டுப் புகையிலையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். நிகோடின் பூச்சியைக் கொல்லும். மனிதருக்கும் அது விஷம்தான்.

1926ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் தக்காளி வளர்த்த ஒருவர், வெள்ளை ஈயின் குஞ்சுகள் சில கறுத்துக் கிடப்பதைக் கவனித்தார். செஷன்ட் ஆய்வு நிலையத்தில் ஸ்பேயர் என்பவர் ஆராய்ந்தார். எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி குஞ்சுக்குள் முட்டையிட்டிருந்தது. அந்தக் குளவியை வளர்த்துப் பல தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். போருக்குப் பின் டிடிடி வந்ததும் குளவியை மறந்தார்கள். மருந்துக்கு ஈ பழகிய பிறகு மறுபடி அதையே தேடிப் போனார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வீட்டு ஜன்னலோரத்தில் குளவி வளர்க்க முடியாது. அவளுக்கு நான் சொன்னது: குளிர் இறங்குவதற்கு முன்பே, செப்டம்பரில், இலையைத் திருப்பிப் பார். தொட்டியின் அடியையும் பார். சோப்புத் தண்ணீரால் துடைத்துக் கழுவு. மூன்று வாரம் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வை. இப்போதைக்குப் பூச்சி பிடித்த கிளைகளை வெட்டிக் குப்பையில் போடு, அடித்தண்டை விட்டுவிடு.

நேற்று படம் அனுப்பியிருக்கிறாள். தண்டில் மூன்று துளிர்.