பேட்டையும் பிறப்பு எடையும்

பிறந்த குழந்தை இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு என்று குறித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால், தாய் சரியாகச் சாப்பிட்டாளா, புகைபிடித்தாளா, மாதாமாதம் பரிசோதனைக்கு வந்தாளா என்று கேள்வியெல்லாம் அவள் பக்கமே திரும்பும். அமெரிக்காவின் சிகாகோ நகர வரலாற்றைப் பார்த்தால், அவள் குடியிருக்கும் பேட்டையையும் அந்தக் கேள்விப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். அந்தப் பேட்டை தானாக நலிந்ததும் அல்ல. பலர் கூடி எடுத்த முடிவுகளால் நலிந்தது.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து தென் மாநிலக் கறுப்பினத்தவர் வேலை தேடிக் கூட்டங்கூட்டமாகச் சிகாகோவுக்கு ரயிலேறினார்கள். நகரின் தென்பகுதியில் ‘கறுப்புப் பட்டை’ எனப்பட்ட குறுகலான நிலத்துண்டில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அதைத் தாண்டி வீடு தேடினால் பத்திரமே குறுக்கே நின்றது: கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட நிபந்தனை. அதை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1948 ஆனது. இதற்கிடையே 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரப் பகுதிகளை நான்காகத் தரம்பிரித்து, கடைசித் தரத்துக்குச் சிவப்பு பூசி வரைபடம் போட்டது. ஏற்கெனவே இருந்த நலிவைத்தான் வரைபடம் காட்டியது என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் 1934இல் தொடங்கிய மத்திய வீட்டுவசதி நிர்வாகமும் இத்தகைய பகுதிகளின் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. கடன் வராத தெருவில் வீடுகள் பழுதாகவே கிடந்தன. 1962இல் கட்டி முடித்த ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு அந்த ஒதுக்கலைக் கான்கிரீட்டில் நிறுத்தியது: பதினாறு மாடியில் 28 கட்டடங்கள், கம்பிவலை அடித்த திறந்த தாழ்வாரங்கள், அடிக்கடி நின்றுபோகும் லிஃப்ட், ஒருபக்கம் அதிவேக நெடுஞ்சாலை. ஆலை வேலைகள் போனபின் போதைப்பொருள் கும்பல்களும் துப்பாக்கிச் சத்தமும் அங்கே அன்றாடமாயின.

1995, 1996 ஆண்டுகளில் சிகாகோவில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து சமூகவியலாளர் ஜெஃப்ரி மோரனாஃப் 2003இல் கட்டுரை வெளியிட்டார். தாயின் தனிப்பட்ட நிலைமைகளைக் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறைக் குற்றம் மிகுந்த பகுதிகளில் பிறப்பு எடை குறைந்தே இருந்தது. அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் இடங்களில் நிலைமை மேலாக இருந்தது. வறுமை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அச்சமும் துணையும்கூடக் கருவறை வரை எட்டுகின்றன என்று இதிலிருந்து கொள்ளலாம்.

கறுப்பினக் குழந்தைகளின் பிறப்பு எடை குறைவதற்குப் பரம்பரைக் கூறே காரணம் என்பவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் இருவரும் 1997இல் வெளியிட்ட இல்லினாய் மாநிலக் கணக்கு அவர்களுக்குப் பதில். சராசரி எடை, அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளுக்கு 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாருடைய குழந்தைகளுக்கு 3,333. அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாருடைய குழந்தைகளுக்கு 3,089. குடியேறி வருபவர்கள் இயல்பிலேயே திடமானவர்கள் என்று மறுக்கலாம். அப்படியானால் அந்தத் திடம் அடுத்த தலைமுறையிலும் தொடர வேண்டுமே. டேவிடும் காலின்ஸும் பின்னர் செய்த ஆய்வில் அது தொடரவில்லை. ஏற்கெனவே நொடித்தவர்கள்தான் மோசமான பேட்டைக்கு வந்து சேர்கிறார்கள் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். பிரேசிலின் சிற்றூர்களை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஊரில் கொலை நடந்தால், குறைப்பிரசவமும் எடைக் குறைவும் சற்றே கூடின. விளைவு சிறியதுதான், ஆனால் ஊருக்கு யார் குடிவந்தார்கள் என்பதைக் காட்டி அதை ஒதுக்கிவிட முடியாது.

ராபர்ட் டெய்லர் ஹோம்ஸின் கடைசிக் கட்டடமும் 2007க்குள் இடிக்கப்பட்டுவிட்டது. கட்டடத்தை இடித்ததால் மட்டும் ஒதுக்கலின் விளைவு தீராது. கர்ப்பிணிக்குச் சத்துமாத்திரையும் அறிவுரையும் தேவைதான். அத்தோடு வீட்டுக்கடன் யாருக்குக் கிடைக்கிறது, தெருவில் பயமின்றி நடக்க முடிகிறதா என்பதும் மகப்பேறு நலத்தின் கணக்கில் வராதவரை, ஊர் செய்த தவறுக்குத் தாயைத்தான் குற்றவாளியாக்கிக்கொண்டிருப்போம்.