கார் உள்விளக்கின் கதை

இரவில் காரின் கதவைத் திறந்தவுடன் கூரையில் ஒரு சிறு விளக்கு எரிகிறது. கதவை மூடினால் அணைகிறது. விரற்கடை அளவே உள்ள அந்தக் குமிழை, அது எரியும் வரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பியூஸ் போன பிறகு கடைக்குப் போனால், “எத்தனை வோல்ட்? எத்தனை வாட்? எந்த மாதிரி?” என்று கடைக்காரர் கேட்பார். இந்த மூன்று கேள்விகளுக்கும் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது.

கார்பன் இழை ஏன் உதவவில்லை?

தொடக்க காலக் கார்களில் எண்ணெய் விளக்குகளும் அசெட்டிலீன் விளக்குகளுமே எரிந்தன. கால்சியம் கார்பைடின் மீது நீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு பிறக்கும். அதை ஓட்டுநர் இறங்கி நின்று தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும்.

எடிசனும் ஸ்வானும் கார்பன் இழை விளக்கை எரித்துக் காட்டிய ஆண்டு 1879. அதன்பின் முப்பது ஆண்டுகள் ஆகியும் மின்விளக்கு கார்களில் பரவவில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது, கார்பன் இழை மின்சாரத்தை விழுங்கும். பிற்கால டங்ஸ்டன் இழை தரும் அதே ஒளிக்கு, அதற்கு இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் தேவை. அன்றைய கார்களில் பாட்டரியை ஓட்டத்திலேயே மின்னேற்றும் டைனமோவும் இல்லை. இரண்டாவது, கரடுமுரடான சாலைகளின் அதிர்ச்சி.

1904-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியில் யூஸ்ட், ஹனமான் என்ற இருவர் டங்ஸ்டன் இழையை உருவாக்கினர். அது மிகுந்த ஒளி தந்தது. ஆனால், டங்ஸ்டன் பொடியிலிருந்து ஆக்கப்பட்டதால் எளிதில் நொறுங்கியது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் கூலிட்ஜ், டங்ஸ்டனைச் சூடாக்கித் தட்டி, மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையை 1910 அளவில் கண்டார். அந்தக் கம்பி அதிர்ச்சியைத் தாங்கியது. 1912-ஆம் ஆண்டு மாதிரி காடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறைப்படி, மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் வசதியும் மின்விளக்குகளும் ஒன்றாக இடம்பெற்றன. ஓடும் எஞ்சினே பாட்டரியை மின்னேற்றியது. பாட்டரி, டைனமோ, உறுதியான இழை ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே காரில் மின்விளக்கு நிலைபெற்றது.

அப்போதும் உள்விளக்குக்குப் பெரிய தேவை எழவில்லை; ஏனெனில் பெரும்பாலான கார்கள் திறந்த வண்டிகள். 1920-களில் கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார்கள் பெருகின. அதன் பிறகே கூரை விளக்கு எங்கும் வந்தது.

வோல்ட் குறைந்தால் வலிமை கூடும்

காரின் குமிழ் வீட்டுக் குமிழைவிட அதிர்ச்சியை நன்கு தாங்குவது ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 5 வாட் குமிழில் ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய 0.42 ஆம்பியர், அதன் இழையின் தடை ஏறத்தாழ 29 ஓம். அதே 5 வாட் குமிழை 230 வோல்ட்டுக்குச் செய்தால் தடை 10,000 ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். அவ்வளவு தடைக்கு இழை மிக நீளமாகவும் மிக மெல்லியதாகவும் இருந்தாக வேண்டும். காரில் அது விரைவில் அறுந்துவிடும். தாழ்ந்த மின்னழுத்தம் இழையைக் குட்டையாக்குகிறது, தடிப்பாக்குகிறது. அதனால்தான் அது குலுக்கலைத் தாங்குகிறது.

பல காலம் கார்களில் 6 வோல்ட் முறை இருந்தது. 1950-களில் எஞ்சின்கள் பெரிதாகி, மின்கருவிகளும் கூடியபோது 12 வோல்ட் முறை பரவியது. பழைய 6 வோல்ட் குமிழை 12 வோல்ட் காரில் பொருத்தினால் கணத்தில் கருகிவிடும்.

குமிழின் வடிவமும் மாறி வந்தது. நம் வீட்டுப் பல்பைப் போல் அழுத்தித் திருப்பிப் பூட்டும் மூடி ஒரு வகை; அது குலுக்கலில் தானாகக் கழலாது. இரு முனையிலும் கூம்பு மூடி கொண்டு, இரு வில்தகடுகளுக்கிடையே படுத்திருக்கும் உருளை மற்றொன்று. தோரணம் எனப் பொருள்படும் ‘ஃபெஸ்டூன்’ என்பது அதன் பெயர். உலோக மூடியே இல்லாமல், தட்டையான கண்ணாடி அடியை ஆப்புப்போல் செருகும் வகை பின்னர் வந்தது.

எல்.இ.டி. வந்தது

1962-இல் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்தார். வெள்ளை ஒளிக்கு நீலம் தேவைப்பட்டது. 1993-இல் ஜப்பானில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை அளித்தார். அகசாகி, அமானோ ஆகியோருடன் அவருக்கு 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 5 வாட் குமிழ் தரும் ஏறத்தாழ 50 லூமென் ஒளியை, நல்ல எல்.இ.டி. அரை வாட்டில் தந்துவிடும்.

இந்த வேறுபாடு வெறும் எண்ணன்று. கூரை விளக்கை அணைக்க மறந்துவிட்டதாகக் கொள்வோம். 40 ஆம்பியர்-மணி பாட்டரியை 5 வாட் குமிழ் ஏறக்குறைய நான்கு நாள்களில் வற்றச் செய்யும். இரண்டு நாளிலேயே பாதி போய்விடும். பழைய பாட்டரியானால் மறுநாளே கார் கிளம்ப மறுக்கலாம். அரை வாட் எல்.இ.டி. அதே வேலைக்குப் பத்து மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும்.

மாற்றும்போது

மங்கலாக இருக்கிறதென்று 5 வாட்டுக்குப் பதில் 10 வாட் இழைக்குமிழ் போடுவது தவறு. இழைக்குமிழ் வாங்கும் மின்னாற்றலில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படும். பிளாஸ்டிக் மூடி உருகிவிடும். எரிந்துகொண்டிருந்த குமிழைச் சூடாறவிட்டே தொட வேண்டும். காரின் உலோக உடலே மின்சாரம் திரும்பும் பாதை. எனவே மின்னோட்டமுள்ள வில்தகட்டையும் உடலையும் திருப்புளி ஒருசேரத் தொட்டால் பியூஸ் போய்விடும். விளக்கை அணைத்தபின் கையாலோ பிளாஸ்டிக் கருவியாலோ எடுப்பது நல்லது.

இழைக்குமிழுக்கு முன்பின் இல்லை. எப்படிப் போட்டாலும் எரியும். எல்.இ.டி. மின்சாரத்தை ஒரு திசையிலேயே விடும். ஆகவே புதிய எல்.இ.டி. எரியவில்லையென்றால், பழுது என்று எறிந்துவிடாமல் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள்.