பூச்சி விரட்டி

பூச்சி விரட்டி என்பது, கொசு, மணல் ஈ முதலிய இரத்தம் உறிஞ்சும் பூச்சிகளைக் கொல்லாமல், அவை மனித தேகத்தின்மீது வந்து அமராதபடி தடுக்கும் பொருட்டுத் தோலிலோ ஆடையிலோ பூசப்படும் அல்லது புகையாக எழுப்பப்படும் திரவியமாகும். இது தாவர வகை, இரசாயன வகை என இருபாற்படும்.

பெண் கொசு, சுவாசத்தில் வெளிப்படும் கரியமில வாயுவையும், வியர்வையின் வாசனையையும், உடற்சூட்டையும் பற்றிக்கொண்டே ஆளைத் தேடி வருவதால், அதன் மோப்ப உணர்வைக் குலைப்பதே விரட்டியின் தொழில்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தி வேளையில் மாட்டுத் தொழுவத்துத் தணலின்மேல் பச்சை நொச்சித் தழையை இடுவர். அது சடசடவெனப் பொரிந்து, கனத்த வெண்புகையாய்த் தரையோடு படரும். புகை அடங்கியதும் கொசு மீண்டுவிடும் என்பதும், குழந்தைகளின் கண்ணும் நெஞ்சும் அதனால் வருந்தும் என்பதும் இம்முறையின் குறைகள்.

1897-இல் சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டபின், கடியைத் தவிர்ப்பது சௌகரியத்துக்காக மட்டுமன்று, பிராண ரக்ஷணையின் பொருட்டும் அவசியம் என்பது விளங்கிற்று. அமெரிக்க விவசாய இலாகா உருவாக்கிய டீட் என்னும் இரசாயன விரட்டி 1946 முதல் அந்நாட்டு இராணுவத்திலும், 1957 முதல் பொதுமக்களிடையிலும் வழங்கலாயிற்று. இந்தியாவில் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் டெபா என்னும் விரட்டியை உருவாக்கியது.

விரட்டியைக் கண், உதடு, புண், குழந்தைகளின் கை ஆகிய இடங்களில் தடவலாகாது. வியர்வையால் அகன்றுபோவதால் மீண்டும் பூசுதல் வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு இரவிலே கடிப்பினும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலே கடிப்பதால், தோட்டவேலை செய்வோருக்குப் பகற்பொழுதிலும் இது தேவைப்படுகிறது.