மரபுக் கட்டிடங்களின் வெப்ப இழப்பை அளத்தல்

மரபுக் கட்டிடங்களின் வெப்ப இழப்பை அளத்தல் என்பது, பழைய முறையில் கட்டப்பட்ட சுவர், கூரை முதலியவற்றின் ஊடாக வெளியேறும் வெப்பத்தை, அக்கட்டிடத்திலேயே கருவிகளைப் பொருத்திக் கண்டறிவதாகும். பிரித்தானியாவில் 1919 ஆம் ஆண்டிற்கு முன் கட்டப்பட்ட திண்மச் சுவர் வீடுகளில் இது பெரிதும் ஆராயப்பட்டுள்ளது.

யூ-மதிப்பு

சுவரின் இருபுறமும் 1 கெல்வின் வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது, 1 சதுர மீட்டர் பரப்பின் ஊடாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யூ-மதிப்பு ஆகும். இது குறைந்தால் வெப்ப இழப்பும் குறையும். புதிய கட்டிடங்களில் ஒவ்வோர் அடுக்கின் தடிப்பும் வெப்பக் கடத்துதிறனும் தெரியுமாதலால் இதைக் கணக்கிட்டே பெறலாம். பழைய கற்சுவரில் அது எளிதன்று. ஸ்காட்லாந்தில் காணப்படும் 600 மில்லிமீட்டர் சுவர் வெளிப்பார்வைக்கு ஒரே கல்லாகத் தோன்றினாலும், அதன் நடுப்பகுதி சிறு கற்கள், சுண்ணாம்புச் சாந்து, வெற்றிடங்கள் ஆகியன கலந்த நிரப்பாகும். உட்பூச்சு மெல்லிய மரப் பட்டிகளின்மீது பூசப்பட்டிருந்தால் அதன் பின்னும் காற்றிடைவெளி இருக்கும். சுவரை உடைக்காமல் இவற்றின் அளவை அறிய இயலாது.

அளவிடும் முறை

சுவரின் உட்பரப்பில் வெப்பப் பாய்வுத் தகடு ஒன்று ஒட்டப்படும். தன் ஊடாகச் செல்லும் வெப்பத்திற்கேற்ப இது மிகச்சிறு மின்னழுத்தத்தைத் தரும். உள்ளும் புறமும் வெப்பநிலை உணரிகள் வைக்கப்படும். வெயில் படாத வடக்குச் சுவரே விரும்பப்படுகிறது. சன்னல், மூலை, சூடேற்றி ஆகியவற்றின் அருகாமை தவிர்க்கப்படும்.

தடித்த சுவர் வெப்பத்தைச் சேமித்து வைத்துத் தாமதமாக வெளிவிடுவதால், ஒரு கணத்தில் எடுத்த அளவீட்டிற்குப் பொருளில்லை. எனவே ஐ.எஸ்.ஓ. 9869 தரம் குறைந்தது 72 மணி நேரத் தொடர் பதிவைக் கோருகிறது. வெப்பநிலை நிலையற்றிருந்தால் ஒரு வாரத்திற்கும் மேலாகலாம். சராசரி வெப்பப் பாய்வைச் சராசரி வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்தால் கிடைப்பது யூ-மதிப்பு. (வகுக்கும் எண் பெரிதாக இருக்க வேண்டுமாதலால் குளிர்காலமே ஏற்றது.)

கணக்கீடும் உண்மையும்

பிரித்தானிய ஆற்றல் மதிப்பீடுகளில் திண்மச் செங்கற்சுவரின் யூ-மதிப்பு நெடுங்காலம் 2.1 எனக் கொள்ளப்பட்டது. 2015 இல் வெளியான ஆய்வொன்றில், அளக்கப்பட்ட திண்மச் சுவர்களின் சராசரி 1.3 ஆகவே இருந்தது. பின்னர் மதிப்பீட்டு எண்ணும் 1.7 ஆகக் குறைக்கப்பட்டது. கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தின் பால் பேக்கர் அளந்து 2011 இல் வெளியான முடிவுகளில், மரப் பட்டிப் பூச்சுடைய 600 மில்லிமீட்டர் கற்சுவர்கள் சராசரியாகச் சுமார் 1.1 மதிப்பைக் காட்டின.

இவ்வேறுபாடு சிறிதன்று. 10 சதுர மீட்டர் சுவரில் 15 கெல்வின் வேறுபாடு இருப்பின், 2.1 என்ற மதிப்பு 315 வாட் இழப்பைக் காட்டும், 1.3 எனில் 195 வாட் மட்டுமே. முதல் எண்ணை நம்பி உட்புறக் காப்பு அமைப்பவருக்கு எதிர்பார்த்த எரிபொருள் சேமிப்பு கிடைக்காது. மேலும், காப்பிட்டபின் கற்சுவர் முன்பைவிடக் குளிர்வதால், காப்பிற்கும் கல்லிற்கும் இடையே ஈரம் படிந்து மர விட்டங்களின் முனைகள் உளுத்துப்போகவும் கூடும்.

காற்றுக் கசிவு

கதவிடுக்கு, புகைபோக்கி வழியாகக் காற்றோடு செல்லும் வெப்பத்தை யூ-மதிப்பு காட்டாது. அதற்கு வாசலில் விசிறி பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கசியும் காற்றின் அளவு தனியே அளக்கப்படுகிறது.