பல வரிச் சரத்தைக் கோட் எடிட்டர் தவறாக வாசித்தல்

பல வரிச் சரத்தைத் தவறாக வாசித்தல் என்பது, ஸ்கிரிப்டுக்குள் பல வரிகளில் எழுதிய உரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எடிட்டர் பிசகாகக் கணித்து, அதற்குப் பிந்தைய நிரலுக்கெல்லாம் தவறான வண்ணம் பூசும் கோளாறு. மேற்கோள்குறி ஒன்று மூடப்படவில்லை என்று எடிட்டர் எடுத்துக்கொண்டால், கடைசி வரிவரை எல்லாமே சரத்தின் நிறத்துக்கு மாறிவிடும். அடைப்புக்குறிப் பொருத்தமும் தானாக அமையும் உள்தள்ளலும் கூடவே கெடும். ஸ்கிரிப்ட் மட்டும் பல சமயம் ஒழுங்காக ஓடும்.

1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீவன் போர்னின் ஷெல்லில் ஹியர்-டாக் என்னும் முறை உண்டு. << குறியை அடுத்து ஒரு முடிவுச்சொல்லைக் கொடுத்தால், அதே சொல் தனி வரியாக மறுபடி வரும்வரை உள்ள அனைத்தும் உரை. பைத்தானில் மும்மை மேற்கோள்குறி இந்த வேலையைச் செய்கிறது. பவர்ஷெல்லில் உள்ள இதே வகைச் சரத்தை மூடும் குறி வரியின் முதல் இடத்திலேயே நிற்க வேண்டும். முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலும் சரம் மூடாது.

எடிட்டர் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை; இலக்கணக் கோப்பில் உள்ள விதிகளைக் கொண்டே வண்ணம் பூசுகிறது. ஆலன் ஓட்கார்ட் 2004-இல் வெளியிட்ட டெக்ஸ்ட்மேட் எடிட்டரின் இலக்கண வடிவத்தையே விஷுவல் ஸ்டுடியோ கோடும் பயன்படுத்துகிறது. அதில் ஒவ்வொரு ரெகுலர் எக்ஸ்பிரஷனும் ஒரே வரிக்குள்தான் பொருந்தும். 'சரம் இன்னும் திறந்திருக்கிறது' என்ற நிலை மட்டும் அடுத்த வரிக்குப் போகும். அந்த நிலை ஓரிடத்தில் தவறினால் கீழே உள்ள அத்தனையும் தவறும். விம் எடிட்டரில் கோப்பின் நடுவே தாவினால், அது சற்று மேலிருந்துதான் வாசிக்கத் தொடங்கும். நீண்ட சரத்தின் இடையில் இறங்க நேர்ந்தால் சரம் நிரலாகவும் நிரல் சரமாகவும் தெரியும். 'சின்டாக்ஸ் சிங்க் ஃபிரம்ஸ்டார்ட்' என்ற கட்டளை முதல் வரியிலிருந்து வாசிக்க வைத்து இதைத் தீர்க்கிறது. ட்ரீ-சிட்டர் போன்ற புதிய கருவிகள் கோப்பு முழுவதையும் மரமாகப் பிரித்துப் பார்ப்பதால் தவறு குறைவு. ஆனாலும் ஹியர்-டாக்குக்கு அங்கேயும் தனி ஸ்கேனர் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது பிழை எடிட்டருடையதா ஸ்கிரிப்டுடையதா என்பதே. வண்ணம் நேராக வேண்டும் என்பதற்காகச் சரியான நிரலில் ஒரு மேற்கோள்குறியைச் செருகுவது பரவலான பழக்கம், அது கூடாது. பாஷ் ஷெல்லை '-என்' விருப்பத்தோடு அழைத்தால் ஸ்கிரிப்டை ஓட்டாமலே இலக்கணம் சரிபார்க்கும். இங்கே கவனம் வேண்டும். முடிவுச்சொல் கிடைக்காதபோது பாஷ் பிழை சொல்வதில்லை, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது. ஸ்கிரிப்டின் மீதிக் கட்டளைகள் உரையோடு உரையாகிவிடும், ஓடாது.

தமிழில் எழுதுவோருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. துறைமுகத்திலிருந்து வெளியேறும் சரக்குக்குச் சீட்டு அச்சிடும் ஸ்கிரிப்ட் ஒன்றில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

<<கொள்கலன்
கல்மண்டபம் சாலை
ராயபுரம், சென்னை 600013
கொள்கலன்

பாஷுக்கு இது முற்றிலும் ஏற்புடையது. முடிவுச்சொல் எந்த மொழியிலும் இருக்கலாம். ஆனால் ஆங்கில எழுத்துகளை மட்டும் எதிர்பார்த்து எழுதிய இலக்கணக் கோப்பு முதல் வரியையே ஹியர்-டாக் என்று அறியாது. முகவரியைக் கட்டளையாக நினைத்து நிறம் கொடுக்கும். இங்கே தவறு எடிட்டருடையது.

அதே நான்கு வரிகளில் தவறு ஸ்கிரிப்டுடையதாகவும் இருக்கலாம். யூனிகோடில் 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேர்ந்தது ஒன்று; ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ந்தது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தான் மாறிகளின் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுகிறது; பாஷ் அப்படிச் செய்வதில்லை. முதல் வரியில் ஒரு வடிவமும் கடைசி வரியில் மற்றொன்றும் இருந்தால் சரம் மூடவே மூடாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையை வெட்டி ஒட்டும்போது இது நேர்வதுண்டு. முடிவுச்சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்து, உரையைத் தமிழிலேயே விடுவது பாதுகாப்பான வழி. தமிழ் உரையை அகற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத மற்ற குற்றவாளிகளில் முதலாவது, முடிவுச்சொல்லுக்குப் பின் ஒட்டிக்கொண்ட இடைவெளி. விண்டோஸில் சேமித்த கோப்பின் வரிமுடிவுக் குறியும் சில சமயம் இதேபோல் சரத்தை மூடவிடாது. 'கேட்' கட்டளையைப் பெரிய 'ஏ' விருப்பத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு வரியின் முடிவும் டாலர் குறியாகத் தெரியும், இடையில் நிற்பது எதுவும் தப்பாது. வரிமுடிவை 'டாஸ்-டு-யூனிக்ஸ்' என்ற கருவி மாற்றிக்கொடுக்கும். <<- என்ற ஹியர்-டாக் வடிவம் வரியின் முன்னால் உள்ள டேப்பை மட்டுமே நீக்கும். டேப்பை இடைவெளிகளாக மாற்றும்படி எடிட்டரை அமைத்திருந்தால், நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் ஒருமுறை சேமித்ததுமே நின்றுபோகும். விஷுவல் ஸ்டுடியோ கோட் 2021 முதல் மறைந்திருக்கும் சில யூனிகோட் எழுத்துகளைக் கட்டம் கட்டிக் காட்டுகிறது. ஆனால் 20,000 எழுத்துகளுக்கு மேல் நீளும் வரிக்கு அது இயல்பாக வண்ணம் பூசுவதில்லை. அப்படியொரு வரியைக் கோளாறு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிழை எடிட்டரில்தான் என்று உறுதியானால், கோப்பைப் பாதி பாதியாகக் குறைத்து, தவறு தெரியும் மிகச் சில வரிகளை மட்டும் இலக்கணக் கோப்பைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த வரிகளில் தமிழ் இருந்தால் அப்படியே அனுப்புவது முக்கியம். ஆங்கிலத்தில் மாற்றி எழுதினால் பிழையே மறைந்துவிடக்கூடும்.